லேனிக்குச் சேர வேண்டிய நெல்

முதல் லோடு விறகை டார்லா வாங்க மறுத்துவிட்டாள்.

வர்ஜில் இறக்கி முடித்துக் கையுறையைக் கழற்றி ரசீதுப் புத்தகத்தை நீட்டும் வரை அவள் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்தாள். ஒரு கட்டையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். எடுத்த இடத்திலேயே போட்டாள்.

"இது பாப்பிள்."

"வெறகுதான?"

"பச்சப் பாப்பிள். அடுப்புல வெச்சா அழும். அது அழுவுற தண்ணியத் தொடச்சிக்கிட்டு நான் பக்கத்துல உக்காந்திருக்கணும். எடுத்துட்டுப் போ."

"ஆபீஸ் காயிதத்துல வெறகுன்னுதான் போட்டிருக்கு டார்லா. என்ன மரம்னு போடல."

"அப்ப ஆபீஸ்காரியவே கூப்புடு."

ஆபீஸ்காரி என்றால் பெர்னடீன் அத்தை. அறுபது வயது. காதில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசிமணித் தோடு. இருபது வருடம் எங்கள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் என்பதால் வாத்துமூக்கு ஏரியைச் சுற்றி எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, எந்த வாசலில் எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அரை மணி நேரத்தில் கார் வந்து நின்றது. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினாள். காய்ந்த கட்டை என்றால் கணீரென்று கேட்கும். இது சொத்தென்றது.

"டே வர்ஜில், இது வெறகில்லடா. கீரை."

"அத்தே, நானும் முதுகொடிய ஏத்தி எறக்கிட்டேன்."

"எறக்கினவனுக்கு ஏத்தத் தெரியாதா? இனிமே காயிதத்துல 'காஞ்ச மேப்பிள் இல்லன்னா ஓக்'னு எழுதிடுறேன். நல்லவேள, ஒன்னாலதான் இப்பிடி ஒரு சட்டம் வேணும்னே எனக்குத் தெரிஞ்சிது."

அவன் அத்தனையையும் திரும்ப ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் டார்லா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. அந்த மனிதன் சம்பந்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மர அறுப்பு ஆலை மூடியதிலிருந்து வந்த வினை இது. கணவன் மனைவியாக இருந்த அவர்கள் அதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். மகள் லேனி தாயோடு. வர்ஜில் ஏரியின் வடகரையில் அவன் அக்காளுடைய டிரெய்லர் வீட்டில். ஆலை ஓடியவரை அவன் சம்பளத்தில் பிள்ளைக்கு உரியதைக் கவுண்டி சர்க்கார் பிடித்து டார்லாவுக்கு அனுப்பிவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய வேலையில்லை. ஆலை மூடியபின் அவனுக்குச் சம்பளம் நின்றது. ஆனால் கவுண்டி உத்தரவு மட்டும் பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் கடிதமாக வந்தது. அவன் எதையும் பிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவன் வண்டி ஓட்டும் லைசென்சை நிறுத்தி வைத்தார்கள். எங்கள் பக்கம் லைசென்ஸ் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை என்றிருந்தால் அது நாற்பது மைலுக்கு அப்பால்தான் இருக்கும்.

அதோடு அவன் லேனியைப் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டான். லேனி போகும் பள்ளிக்கூட பஸ் பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது அவன் அங்கிருந்தால் சிப்ஸ் பாக்கெட் அடுக்குக்குப் பின்னால் குனிந்துகொள்வான். பஸ் போனபின் நிமிர்வான். கடைப்பெண் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

போன குளிர்காலத்தில் டார்லா வீட்டில் பிப்ரவரியோடு விறகு தீர்ந்துபோயிற்று. சமையலறையில் ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் சூட்டில் தாயும் மகளும் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். காலையில் எழுந்தால் தண்ணீர்க் குழாயில் பனி. டார்லா அதே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்பவள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சுடச்சுடப் பரிமாறிவிட்டு வந்து இந்த வீட்டில் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

மார்ச்சில் எங்கள் ஒஜிப்வே பழங்குடி மன்றம் சொந்தமாகப் பிள்ளை ஜீவனாம்ச அலுவலகம் ஒன்றைத் திறந்தது. ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடம். முன்னால் அது தூண்டில் புழு விற்ற கடை. எத்தனை தடவை கழுவியும் அந்த வாடை முழுசாகப் போகவில்லை. ஜனங்கள் அதைப் புள்ள ஆபீஸ் என்றார்கள். பனிச்சேறு அப்பிய பூட்சோடு டார்லா போய் பெர்னடீன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவனப் புடிச்சி உள்ள போடுங்க அத்தே."

"போட்டுரலாம். உள்ள உக்காந்துக்கிட்டு ஒனக்கு வெறகு பொளந்து அனுப்புவானா?"

டார்லா பூட்சில் அப்பிய சேற்றைத் தரையில் தேய்த்தாள்.

"கவுண்டிக்காரன் ஒன்ன என்ன கேட்டான்?"

"நம்பர் கேட்டான். கேஸ் நம்பர்."

"நான் அதக் கேக்கல. ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

அப்படி ஒருவர் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. "வீடு சூடா இருக்கணும். அப்புறம், சனிக்கெழமையானா இந்தப் புள்ள ஜன்னல்ல போயித் தொங்கக் கூடாது. என்னால அதப் பாக்க முடியல."

பெர்னடீன் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

கடிதம் போட்டால் பிரிக்க மாட்டான் என்று தெரிந்து அவளே நேராக வடகரைக்குப் போனாள். மறுநாள் வர்ஜில் ஒரு கோதுமை மாவுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்து வந்தான். சாக்கு நிறையப் பிரிக்காத கடிதங்கள். நாற்பத்து மூன்று.

"இத ஏண்டா தூக்கிட்டுத் திரியிற?"

"நீங்கதான எல்லாக் காயிதத்தையும் கொண்டாரச் சொன்னீங்க."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்து அடுக்கினாள். முற்பகல் பூராவும் அந்தக் கிழிக்கிற சத்தம்தான். அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி இருந்தான்.

"புள்ளயப் போயிப் பாத்தியா?"

"எப்பிடிப் போறது அத்தே. குடுக்க வேண்டியது அவ்வளவு நிக்கிது. நான் எந்த மொகத்தோட வாசல்ல போயி நிப்பேன்."

"குடுத்தாத்தான் பாக்கலாம்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"காயிதத்துல இருக்கும்."

"எந்தக் காயிதத்துல? நாப்பத்தி மூணும் இந்தா இருக்கு. எடுத்துக் காட்டு."

அவன் உண்மையாகவே தேடினான். எதிலும் அப்படி இல்லை. அவள் அடியிலிருந்து ஒன்றை உருவி அவன் பக்கம் தள்ளினாள். இரண்டு வருடப் பழசு. ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை பிள்ளை தகப்பனோடு இருக்கும் என்று நீதிபதி கையெழுத்துப் போட்டிருந்தார்.

"குடுக்குறது ஒரு கணக்கு, பாக்குறது ஒரு கணக்கு. அதுவும் இதுவும் ஒன்னக் கேட்டு ஒன்னு வர்றதில்ல. ரெண்டு வருசமா ஒனக்குன்னு இருந்த சனிக்கெழமைய நீ ஒறையக் கிழிக்காம சாக்குல போட்டு வெச்சிருந்திருக்க."

வர்ஜில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். புழுக்கடைக்காரன் விட்டுப்போன மீன் படம் ஒன்று அங்கே இன்னும் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. வழக்கு எங்கள் மன்றத்து நீதிமன்றத்துக்கு மாறியது. இன்றைய நிலையில் அவனால் எவ்வளவு முடியும் என்று பார்த்து உத்தரவைத் திருத்தினார்கள். பணமாக முடியாததைப் பொருளாகக் கொடுக்கலாம் என்றது புது உத்தரவு: குளிருக்கு முன்னால் ஆறு பாரம் விறகு, ஏரியில் தானாக விளையும் நெல்லை அரிசியாக்கி நாற்பது பவுண்டு, வாரம் ஒரு தடவை மீன். வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. பெர்னடீன் மாநில ஆபீசுக்கு விடாமல் போன் பண்ணி அவன் லைசென்சைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். போனை வைக்காமல் ஒரு பாட்டுக் கச்சேரி அளவுக்கு அவள் காத்திருந்த நாளெல்லாம் உண்டு.

இப்படி வந்ததுதான் அந்தப் பாப்பிள் லோடு.

இரண்டாம் லோடு மேப்பிள். தட்டினால் மணி மாதிரி. சனிக்கிழமை பார்த்துக் கொண்டுவந்தான். டார்லா இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்து, ரசீதில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டாள். இறக்கிப் போட்டுவிட்டுப் போகலாம்தான். உத்தரவில் அடுக்கித் தர வேண்டும் என்று இல்லை. அவன் அடுக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கட்டையாக, திருப்பித் திருப்பி வைத்து, நகைக்கடைக்காரன் மாதிரி.

லேனி பின்வாசல் வழியாக வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாள். ஒன்பது வயது. கைகளைக் கட்டிக்கொண்டு தாயைப் போலவே நின்றாள்.

"சாயுது," என்றாள்.

"எது?"

"மூணாவது வரிச. இந்தப் பக்கம் சாயுது."

அவன் தள்ளி நின்று பார்த்தான். சாயத்தான் செய்தது. மூன்றாவது வரிசையைப் பிரித்தான்.

"பட்டப் பக்கம் மேல இருக்கணும்," என்றாள். "அப்பதான் மழத் தண்ணி உள்ள எறங்காது. அம்மா சொல்லியிருக்கு."

"ஒங்கம்மாவுக்குச் சொன்னது யாரு?"

"யாரு?"

"நான்தான்."

அவள் நம்பாத மாதிரிப் பார்த்தாள். அடுத்த கட்டையை அவளே எடுத்து வைத்தாள். இருவருமாகச் சாயங்காலம் வரை அடுக்கினார்கள். அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் கட்டை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான். போகும்போது அவன் "வர்றேன்" என்றான். "எப்ப?" என்று கேட்டாள் அவள். அவனிடம் அதற்குத் தேதியோடு பதில் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஏரி நெல் பழுத்தது. நெல்லுக்குப் பொறுப்பானவர் தினம் ஒரு தரம் கதிரைத் தொட்டுப் பார்த்து, வியாழக்கிழமை முதல் நெல் தட்ட ஏரியில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். மேற்கே இருந்து பெருங்காற்று வருகிறது, ஞாயிறோடு எல்லாம் தண்ணீரில் உதிர்ந்துவிடும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தோணிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நின்று கழி ஊன்ற, ஒருவர் உட்கார்ந்து தட்ட. வர்ஜிலுக்குத் தட்டுகிறவன் அவன் சித்தப்பா மகன் ரஸ். அவன் புதன்கிழமை யாருடைய கூரையிலிருந்தோ விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

வியாழன் காலை படகுத்துறையில் வர்ஜில் கழியைப் பிடித்தபடி தனியாக நின்றான். மற்றத் தோணிகள் நெற்பயிருக்குள் நுழைந்து மறைந்துகொண்டிருந்தன. பெர்னடீன் காபியோடு அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, நீங்க வர்றீங்களா?"

"நான் ஏறினா தோணி நெல்லுக்குப் போகாதுடா, அடிக்குத்தான் போகும்."

டார்லாவின் கார் வந்து நின்றது. அவள் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் டேப் சுற்றியிருந்தாள். கையில் அவளுடைய பழைய தேவதாருத் தட்டுக்கோல்கள் இரண்டு. பின்னால் லேனி. வாத்துமூக்கு ஏரியில் டார்லா தட்டுகிற அழகை ஒரு காலத்தில் மற்றத் தோணிக்காரர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள்.

"பாதி என்னுது," என்றாள் அவனைப் பார்க்காமல். "ஒன் பாதியிலேருந்துதான் லேனி பங்கு வரணும். ரெண்டையும் கலந்துரலாம்னு நெனக்காத. அத்தே, நீங்க சாட்சி."

"நான் புள்ளயப் பாத்துக்குறேன், நீங்க போங்க," என்றாள் பெர்னடீன். "லேனி, இங்க வா. இவங்க ரெண்டு பேரும் தோணியக் கவுக்குறாங்களா இல்லையான்னு பந்தயம்."

துறையைவிட்டு விலகியதும் டார்லா ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகைப் புகையிலையைத் தண்ணீரில் விட்டாள். அவன் கழி ஊன்றினான். முதுகு அவன் பக்கமாக அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கோலால் கதிரை வளைத்துத் தோணிக்குள் சாய்த்து, மறு கோலால் தடவுவதுபோல் ஒரு தட்டு. அடுத்தது மறுபக்கம். தோணியின் அடியில் நெல் விழும் சத்தம் தகரக்கூரையில் தூறல் போடுவது மாதிரி. ஒரு மணி நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

முகம் தெரியாமல் இருப்பது அவனுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

"பங்க்குல பஸ் நிக்கிறப்ப நான் ஒளிஞ்சிக்கிட்டுருந்தேன் டார்லா. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. ஒரு வருசமா."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"லேனி. நேத்து. சிப்ஸ் பாக்கெட்டுக்கு மேல அப்பா தொப்பி தெரியும்னா. தெனம் பாப்பாளாம். தொப்பி இருந்தா அப்பா நல்லாருக்குன்னு அர்த்தமாம்."

தோணி நின்றது. பிறகு காற்றில் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. டார்லா திரும்பிப் பார்க்கவில்லை. கோல்களை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"கழிய ஊனு," என்றாள். "காத்து வருது."

அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு ஊன்றினான்.

"நான் ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

"நெனக்கல."

"நெல்லுத் தட்ட வந்தேன்."

"சரி."

"ஆனா அந்தத் தொப்பிய மாத்து. அழுக்கா இருக்கு."

மத்தியானம் ஒரு நெற்புழு அவன் காலருக்குள் இறங்கிக் கடித்துவிட்டது. கழியை விடவும் முடியாமல், சட்டைக்குள் கைவிடவும் முடியாமல் அவன் தோணியில் நின்றபடி நெளிந்த நெளிப்பில் தண்ணீர் இரண்டு பக்கமும் அலைபாய்ந்தது. "கவுத்தா நீச்சலடிச்சே ஒன்னக் கொல்லுவேன்," என்று சொன்னவள் சொல்லி முடிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது. பக்கத்து நெற்பயிருக்குள்ளிருந்து ஒரு குரல், "அந்தப் பக்கம் நெல்லு தட்டுறீங்களா, கூத்தடிக்கிறீங்களா?" என்று கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காற்று வருவதற்குள் மூன்று நாளில் மூன்று தோணி நிறைத்தார்கள்.

காய வைத்த பிறகு, அடுத்த வாரம் டார்லா வீட்டு முற்றத்திலேயே வறுத்தார்கள். இரும்புக் கொப்பரையில் நெல்லைப் போட்டு, வர்ஜில் துடுப்பால் விடாமல் கிளறினான். ஒரு நிமிடம் நிறுத்தினால் கருகிவிடும். புகையும் வறுத்த வாசனையும் தெருமுனை வரை போயிற்று. ஆட்கள் சும்மா விசாரிக்க வருவதுபோல் வந்து நின்றார்கள். உமி பிரிய அதை மிதிக்க வேண்டும். பெரியவர்கள் மிதித்தால் அரிசி நொறுங்கிவிடும். பாரமில்லாத கால் வேண்டும்.

லேனிக்குப் புது மான்தோல் செருப்பு. மண்ணில் பறித்த குழியில் மரப்பட்டை பரப்பி, வறுத்த நெல்லைக் கொட்டி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கழி கட்டியிருந்தார்கள். அவள் இறங்கி மெதுவாக மிதித்தாள். பிறகு வேகமாக. பிறகு குதிகால் திருப்பி, இடுப்பைத் திருப்பி, யாரும் சொல்லித்தராத ஆட்டம் ஒன்று வந்துவிட்டது. பெர்னடீன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் தாளம் போட்டாள்.

"அத்தே," என்று கூப்பிட்டாள் லேனி மூச்சு வாங்க. "இந்த நெல்லு எனக்கு வர வேண்டியதுதான?"

"ஆமா. ஒன் பேருதான் போட்டிருக்கு."

"எனக்கு வர வேண்டியத நானே எதுக்கு மிதிக்கிறேன்?"

கூட்டம் சிரித்தது. பெர்னடீன் தாளத்தை நிறுத்தாமல், "நல்ல கேள்வி. அடுத்த தடவ நீதிபதியப் பாக்குறப்ப கேக்குறேன். மிதிக்கிறவளுக்குத் தனிக் கூலி உண்டான்னு," என்றாள்.

"உண்டுன்னுதான் சொல்லுவாரு," என்றான் வர்ஜில் கொப்பரையிலிருந்து. "ஏன்னா மிதிக்கிறவ அப்பன் பங்குல பாதியக் கேட்டா அவன் குடுத்துருவான்."

டார்லா பூர்ச்ச மரப்பட்டை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். உமி காற்றில் ஏறி, எல்லார் தலையிலும் பொன்னாக விழுந்தது. அவள் முதல் முறத்து அரிசியை அப்படியே சட்டியில் போட்டு மான்கறியோடு வேகவிட்டாள். பெர்னடீன் எடைபோட வந்தவள், இரண்டு கிண்ணம் சாப்பிட்டு முடித்தபிறகுதான் தராசைத் தேடினாள். நாற்பதுக்கு மேல் ஆறு பவுண்டு இருந்தது.

நவம்பரில் முதல் பனி விழுந்த காலை. ஆறு பாரம் விறகும் சுவரை ஒட்டி நேராக நின்றது. அது வர்ஜிலின் சனிக்கிழமை. மன்றத்துக் காட்டிலாகாவில் அவனுக்கு வேலை கிடைத்து ஒரு மாதமாகியிருந்தது. லேனி பூட்ஸ் போட்டுக்கொண்டு எட்டு மணியிலிருந்து தயாராக இருந்தாள்.

"எங்க போறோம்?" என்றாள் வண்டியில் ஏறி.

"வடகரையில ஏரி ஒறையிற சத்தம் கேக்கலாம். அப்புறம் எங்க அக்கா ரொட்டி பொரிக்கிறேன்னிருக்கா."

"சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து விடு," என்றாள் டார்லா கதவில் நின்று.

"நாலு மணி."

வண்டி போயிற்று. டார்லா உள்ளே வந்தாள். அடுப்பில் மேப்பிள் கட்டை சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. வீடு சூடாக இருந்தது. பாத்திரம் கழுவியாயிற்று. துணி மடித்தாயிற்று. அவள் சமையலறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். செய்ய வேண்டியது எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு பகல் அவளுக்கு வாய்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு நிமிடம் கண்ணை மூடுவோம் என்று மூடினாள்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தபோது அவள் வாய் லேசாகத் திறந்து, கைகள் இரண்டும் தொங்க, நல்ல தூக்கத்தில் இருந்தாள். லேனி விரலை உதட்டில் வைத்துத் தகப்பனைப் பார்த்தாள்.

"அம்மா பகல்ல தூங்குது," என்றாள் கிசுகிசுப்பாக. பெரிய செய்தி ஒன்றைச் சொல்கிற மாதிரி.

வர்ஜில் பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு நடந்தான். அடுப்புக் கதவைச் சத்தம் வராமல் திறந்து ஒரு கட்டையை உள்ளே வைத்தான். பிறகு வாசலுக்கு வந்து, பூட்சை மாட்டி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் பனியில் இறங்கினான்.